சோலாரை கிரிடில் சேர்க்க முடியுமா? மடிப்பாக்கம் மொட்டை மாடியில் கேட்ட கேள்விகள்

துணை மின் நிலையங்களில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் 10 கிலோவாட் சோலார் வைத்த நாளிலிருந்து, துணி காயப்போட வருகிறவர், வடாம் பிழிய வருகிறவர், சும்மா காற்று வாங்க வருகிறவர் என ஆளாளுக்கு ஒரு கேள்வி. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கிற கம்பி வலை இருக்கிறதே, செய்தித்தாளில் மின்தொகுப்பு என்று எழுதும் அதை நாங்கள் எப்போதும் கிரிட் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே.

ஒரே வரியில் சொல்லுங்கள் சார். சோலார் மின் நிலையத்தை நாட்டு கிரிடோடு இணைக்க முடியுமா, முடியாதா?

முடியும், ஏற்கெனவே இணைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இணைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் சமாளிப்பதில்தான் வித்தை இருக்கிறது.

பேனலில் வருவது டி.சி. என்கிறார்கள். என் வீட்டு ஃபேன் ஓடுவது ஏ.சி.யில். எப்படி ஒத்துப்போகும்?

நடுவில் இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. பேனலின் டி.சி.யை, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை, திசை மாறி மாறி ஓடும் ஏ.சி.யாக அது மாற்றும். அதை அப்படியே கொண்டுபோய் லைனில் தள்ளிவிட முடியாது. கச்சேரியில் தம்புரா ஸ்ருதியைக் கேட்டுச் சேர்ந்துகொண்ட பிறகுதானே பாட்டு? அதே போல இன்வெர்ட்டர் முதலில் கிரிடின் வோல்டேஜையும், ஏ.சி. வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற ஃப்ரீக்வென்ஸியையும் கொஞ்ச நேரம் கேட்கும். சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். எங்கள் மாடிப் பெட்டியில் காலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு நிலையாக எரிய ஆரம்பிக்கும். மினுக்குகிற அந்த நேரம்தான் ஸ்ருதி சேர்க்கிற நேரம்.

பெரிய நிலையத்திலும் வேலை இதேதான், அளவுதான் வேறு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல்கள். வரிசை வரிசையாக இன்வெர்ட்டர்கள், அதற்குப் பின்னால் வோல்டேஜை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர்கள், கடைசியில் 400 கே.வி., அதாவது 4 லட்சம் வோல்ட் துணை மின் நிலையம். அங்கிருந்து அது தென்னிந்தியா முழுவதற்கும் பொதுச் சொத்து.

அப்படியானால் கமுதி மின்சாரம் சென்னைக்கு வருகிறதா?

இது வீராணம் தண்ணீர் வருகிறதா, செம்பரம்பாக்கம் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து கேட்கிற மாதிரி. கலந்த பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தண்ணீர் மிஞ்சினால் ஏரியில் நிற்கும். மின்சாரம் கம்பியில் நிற்காது. இந்த நொடியில் செலவாவதை இந்த நொடியில் உற்பத்தி செய்தாக வேண்டும். கிரிடின் தலைவலி எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

50 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் என்று ஏன் அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?

கண்ட்ரோல் ரூம் சுவரில் சிவப்பு எழுத்தில் ஃப்ரீக்வென்ஸி எண் ஓடிக்கொண்டே இருக்கும். 49.98, 50.01, 49.97. ஷிஃப்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்போம், அப்புறம்தான் டீ. ஊரே மொத்தமாக ஏ.சி. மெஷினைப் போட்டால் எண் இறங்கும். திடீரென்று மழை வந்து எல்லோரும் அணைத்தால் ஏறும். கிரிடின் நாடி அது. 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும் என்பது விதி. தொண்ணூறுகளில் தென்னக கிரிட் 48-ஐ ஒட்டியெல்லாம் ஓடியிருக்கிறது. எங்கள் வயிற்றில் புளி கரைத்த காலம் அது.

அந்த எண்ணுக்கு நான் பார்த்த பெரிய பரீட்சை 2020 ஏப்ரல் 5. ஊரடங்கில் இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்களே, அன்றைக்குத்தான். நாட்டின் மின்தேவை சில நிமிடங்களில் சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. எல்லோரும் மறுபடி விளக்கைப் போட்டதும் அதே வேகத்தில் ஏறியது. நீர்மின் நிலையங்களை வைத்துக்கொண்டு அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கினார்கள். ஃப்ரீக்வென்ஸி 49.70-க்குக் கீழேயும் போகவில்லை, 50.26-க்கு மேலேயும் போகவில்லை. சோலார் தினமும் சாயங்காலம் இறங்குவது இதைவிட மெதுவாக, முன்கூட்டியே நேரம் தெரிந்த இறக்கம். ஆகவே, முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் இந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

நாடு முழுவதும் ஒரே கிரிட் என்பது உண்மையா?

உண்மைதான். தெற்குதான் கடைசியாகச் சேர்ந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக மற்ற நான்கு மண்டலங்களோடு ஒரே ஃப்ரீக்வென்ஸியில் இணைந்தோம். அதற்கு முன்பு, ஃப்ரீக்வென்ஸி கலக்காத டி.சி. இணைப்பு மட்டும்தான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பித்ததற்கு அந்தத் தனிக்குடித்தனம்தான் காரணம். இப்போது கூட்டுக்குடும்பம். நம்மிடம் வெயிலும் காற்றும் மிஞ்சினால் வடக்கே தள்ளலாம், குறைந்தால் வாங்கலாம். அங்கே ஒரு கோளாறு என்றால் இங்கேயும் அதிரும். சோலாரைப் பொறுத்தவரை கூட்டுக்குடும்பம்தான் நல்லது என்பது என் கட்சி.

மேகம் மூடினால் என்ன ஆகும்?

எங்கள் மாடியில் ஒரு மேகம் வந்தால் 7 கிலோவாட்டில் ஓடுவது கண் இமைப்பதற்குள் 2-க்கு இறங்கும். 2,500 ஏக்கர் நிலையத்தை ஒரே மேகம் ஒரே நேரத்தில் மூடாது. நிழல் ஒரு ஓரத்திலிருந்து நகர்ந்து வரும். கமுதி, தூத்துக்குடி, திருப்பூர் என்று எல்லா ஊர் சோலாரையும் கூட்டிப் பார்த்தால் உற்பத்திக் கோடு இன்னும் வழவழப்பாகிவிடும்.

அதோடு, நாளை எவ்வளவு வரும் என்று ஒவ்வொரு நிலையமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு நாளை 15 நிமிடங்களாக 96 துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு. சொன்னதற்கும் வந்ததற்கும் இடைவெளி அதிகமானால் அபராதம். காசு போகும் என்றதும் கணிப்பு எவ்வளவு கூர்மையாகிறது தெரியுமா!

2019 டிசம்பர் 26 காலை கங்கண சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் மோதிரம் மாதிரி தெரிந்ததே. சோலார் ஏறுகிற நேரத்தில் ஏறாமல் இறங்கி, மறுபடி விறுவிறுவென்று ஏறியது. பஞ்சாங்கத்திலேயே நிமிடக் கணக்கோடு போட்டிருந்த இறக்கம் என்பதால் மற்ற நிலையங்களைத் தயாராக வைத்திருந்தார்கள். பில் கட்டுகிறவர் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சரி, ராத்திரிக்கு?

இதுதான் கேள்வி. இதை முதலில் கேட்டவர் எங்கள் இரண்டாம் மாடிப் பாட்டி. “சூரியன் போனப்புறம்தானேப்பா எல்லாரும் ஏ.சி. போடறா?” என்றார். பல நிபுணர்களின் கட்டுரையைவிட இந்த ஒரு வரி சரியாக இருந்தது.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் மதியமும் தேவை அதிகம்தான், ஆனால் அப்போது சோலார் தோள் கொடுக்கிறது. ஐந்தரை மணிக்கு அது தோளை எடுக்க ஆரம்பிக்கும். ஆறரைக்குச் சுத்தமாகப் போய்விடும். அலுவலகத்திலிருந்து ஜனம் வீடு திரும்பி ஏ.சி., மிக்ஸி, டி.வி. என்று போடுவதும் அதே நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் சில ஆயிரம் மெகாவாட்டை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்ப வேண்டும்.

எங்கிருந்து? வட சென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் நிலையங்களை மதியம் அணைத்துவிட்டு சாயங்காலம் ஏற்றினால் ஆகாதா என்று கேட்கலாம். கொதிகலன் கேஸ் அடுப்பு இல்லை. குளிர்ந்துவிட்டால் மறுபடி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். அதனால் மதியத்தில் 55 சதவீதம் வரை இறக்கி முனகலாக ஓடவிட்டு, சாயங்காலம் மெல்ல ஏற்றுவார்கள். நிமிடத்துக்கு 1 சதவீதம் என்ற கணக்கில் ஏறினால், 500 மெகாவாட் எந்திரம் ஒரு நிமிடத்தில் ஏறுவது 5 மெகாவாட். நீர்மின்சாரம்தான் சில நிமிடங்களில் முழு வேகத்துக்கு வரும்.

அதனால்தான் கடம்பாறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனைமலைப் பகுதியில் நான்கு 100 மெகாவாட் எந்திரங்கள், எண்பதுகளின் கடைசியில் வந்தவை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவைப்படும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். 100 யூனிட் போட்டால் சுமார் 75 யூனிட் திரும்ப வரும். மிச்சம் சேதாரம். அந்தக் காலத்தில் நடுராத்திரி ஏற்றிக் காலையில் விட்டார்கள். சோலார் பெருகிய பிறகு மதியம் ஏற்றி சாயங்காலம் விடுவதுதான் லாபம். எந்திரம் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது. நீலகிரியில் குந்தா பக்கம் இதே மாதிரி 500 மெகாவாட்டுக்கு ஒன்று பல வருடங்களாகக் கட்டுமானத்தில் இருக்கிறது.

பெரிய பேட்டரி இன்னொரு வழி. விலை இறங்க இறங்க அதற்கும் டெண்டர் விடுகிறார்கள். இரண்டு மணி, நான்கு மணி நேரத்துக்குத் தாங்கும். சாயங்கால மேட்டை ஏறிக் கடக்க அது போதும்.

காற்றாலையும் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது சாயங்காலம் ஓரளவு நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டும் காலை வாரும். மேகம் மூடியிருக்கும், காற்றும் இருக்காது. நிலக்கரியை உடனே கைவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டு மாதங்களைக் காட்டுவேன்.

பகலில் அளவுக்கு மேல் வந்துவிட்டால்?

எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்கிற, சென்னையில் இருக்கும் மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து “குறை” என்று உத்தரவு போகும். எங்கள் பாஷையில் பேக்கிங் டவுன். சோலாரும் காற்றும் கட்டாயம் எடுக்க வேண்டிய மின்சாரம் என்பது சட்டம். கிரிடின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் குறைக்கலாம். வேறு காரணங்களுக்காகக் குறைத்தார்கள் என்று உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டு, 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லி, நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது.

மிஞ்சியதை வெளியே அனுப்பவும் வழி வந்திருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்ம கரூர் மாவட்டம் புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டருக்கு 800 கே.வி. டி.சி. லைன் போட்டிருக்கிறார்கள். 6,000 மெகாவாட் தாங்கும். அங்கிருந்து நிலக்கரி மின்சாரம் இங்கே வரலாம், காற்றும் வெயிலும் மிஞ்சும்போது இங்கிருந்து அங்கே போகலாம்.

சோலார் அதிகமானால் கிரிடே விழுந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

இலங்கையைச் சொல்கிறார்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து கோளாறாகி நாடு முழுவதும் மின்சாரம் போனது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். குரங்கும் அணிலும் புகாத துணை மின் நிலையம் உலகத்தில் இல்லை. அன்று தேவை குறைவு, அதில் பாதிக்கு மேல் சோலார், சுழலும் பெரிய எந்திரங்கள் குறைவு. பிரச்சினை அங்கேதான்.

அனல், நீர் நிலையங்களில் பல நூறு டன் எந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு லைன் போனாலும் அந்தச் சுழற்சி உடனே நிற்காது. தையல் மிஷினில் காலை எடுத்த பிறகும் சக்கரம் நாலு சுற்று சுற்றுமே, அந்த மாதிரி. அந்த நாலு சுற்று நேரத்தில் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். சோலாரில் சக்கரம் கிடையாது. இலங்கை சின்ன கிரிட், கைகொடுக்கப் பக்கத்து வீடும் இல்லை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பகலில் அணைத்து வையுங்கள் என்று மக்களிடமே கேட்டுக்கொண்டார்கள்.

2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இருண்டன. அங்கே கதை கொஞ்சம் வேறு. வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. வோல்டேஜைப் பிடித்து வைக்கிற ஏற்பாடு போதவில்லை.

இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2007-இலேயே இணைப்புக்கான தொழில்நுட்ப விதிகளைப் போட்டு, 2013-லும் 2019-லும் இறுக்கியிருக்கிறது. வோல்டேஜ் திடீரென்று 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் நிலையம் 0.3 வினாடி கழன்றுகொள்ளாமல் தாங்கி நிற்க வேண்டும். முன்பெல்லாம் கோளாறு என்றதும் முதலில் ஓடுவது சோலாரும் காற்றாலையும்தான். இப்போது ஓடக்கூடாது. அடுத்து வரப்போவது, ஸ்ருதியைக் கேட்டுப் பாடுவதோடு நிற்காமல் தானே ஸ்ருதி கொடுக்கிற இன்வெர்ட்டர்கள். பேட்டரியோடு சேர்த்து அவை பெரிய அளவில் வந்தால், வாட்ஸ்அப்காரர்கள் வேறு பயத்தைத் தேட வேண்டியிருக்கும்.

நிலையம் சீக்கிரம் கட்டிவிடுகிறார்கள், அப்புறம் ஏன் இணைப்பு தாமதம்?

கமுதியை எட்டே மாதத்தில் கட்டியதாகச் சொன்னார்கள். 400 கே.வி. லைன் எட்டு மாதத்தில் வராது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு வயல், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சொந்தக்காரர், தென்னைக்கு இழப்பீடு எவ்வளவு என்று ஒரு பஞ்சாயத்து. அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. லைன் மேலே போனால் நிலத்தின் விலை விழுந்துவிடுகிறது. தேனி பக்கம் தப்பக்குண்டு, தெற்கே கயத்தாறு என்று 400 கே.வி. நிலையங்கள் வந்ததால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. சாத்தியமா என்று என்னைக் கேட்டால் பேனலைப் பார்க்க மாட்டேன், பக்கத்தில் எந்த லைன், அதில் எவ்வளவு இடம் காலி என்றுதான் பார்ப்பேன்.

கத்திரி வெயிலில் எக்கச்சக்கமாக வருமா?

வராது. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவில் குறையும். மே மாத மதியத்தில் பேனலைத் தொட்டால் கை பொசுங்கும். எங்களுக்கு நல்ல கணக்கு வருவது மார்ச்சில்.

காசு கட்டுப்படியாகுமா?

கமுதி மின்சாரத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 பைசா என்று ஒப்பந்தம். 2017-இல் தமிழ்நாட்டு ஏலத்தில் 3 ரூபாய் 47 பைசாவுக்கு இறங்கிவிட்டது. வீட்டு மாடிக்கு 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். எங்களை மாதிரி குடியிருப்புச் சங்கத்தின் பொது இணைப்புக்கு கிலோவாட்டுக்கு 18,000. சென்னையில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் சொல்கிற விற்பனையாளருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் போனால் நம்ம மாடி சோலார் ஓடும்தானே?

ஓடாது. இதைக் கேட்டு முகம் சுருங்காதவரை நான் பார்த்ததில்லை. லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து கரண்ட் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால் கிரிட் போன மறுகணமே இன்வெர்ட்டரும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. 2016 வர்தா புயல் மாதிரி நாட்கணக்கில் கரண்ட் இல்லை என்றால், வெயில் சுள்ளென்று அடித்தாலும் பேனல் சும்மாதான் கிடக்கும். பேட்டரியோடு கூடிய வகை வாங்கினால் வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டுத் தனியாக ஓட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறதே?

என் தெரு நண்பர் ஒருவர் வீட்டில் இதே கதை. போய்ப் பார்த்தேன். பெட்டித் திரையில் வோல்டேஜ் 251, 252, 254 என்று ஏறி டக்கென்று நின்றது. சில நிமிடம் கழித்து மறுபடி முதலிலிருந்து. அந்தத் தெருவில் நாலைந்து வீட்டில் சோலார். ஞாயிறு மதியம் கடைகள் மூடி, சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம், எடுக்க ஆள் இல்லை. எல்லா வீடும் லைனில் தள்ள, வோல்டேஜ் ஏறுகிறது. 230-க்கு மேல் 10 சதவீதம், அதாவது 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். பெட்டியில் கோளாறு இல்லை. மனு கொடுத்தார், டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டேப்பை ஒரு படி இறக்கினார்கள், சரியாகிவிட்டது. ஸ்பெயினில் நடந்ததும் பெரிய அளவில் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான்.

நம்மால் ஆகக்கூடியது ஏதாவது?

எங்கள் குடியிருப்பில் சம்ப் மோட்டாரை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினோம். வாஷிங் மெஷினையும் மதியம் போடச் சொன்னேன், மூன்று வீட்டார் கேட்டார்கள். யூனிட்டுக்கு யூனிட் கழிக்கிற மீட்டர் என்பதால் பில்லில் இதனால் வித்தியாசம் தெரியாது. தெரு லைனில் வோல்டேஜ் ஏறாமல் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை குறையும், அவ்வளவுதான். வாட்ச்மேனுக்கு மட்டும் இன்னும் வருத்தம். பதினொரு மணி அவர் தூங்குகிற நேரமாம்.